காமராஜர் அரசியல்வாதிதான்

“காமராஜர் அரசியல்வாதியே இல்ல தம்பி. அவரு மகான்.”

முனிச்சாலைப் பக்கம் ஒரு டீக்கடையில், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இப்படிச் சொன்னார். பேச்சு வேறு எங்கோ தொடங்கி, இப்போதிருக்கும் எல்லாக் கட்சிக்காரர்களையும் ஒரு சுற்று திட்டி முடித்து, கடைசியில் அவரிடம் வந்து நின்றது. மதுரையில் அரசியல் பேச்சு பெரும்பாலும் அப்படித்தான் முடியும். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த வாக்கியம் மட்டும் கூடவே வந்தது. பதினாறு, பதினேழு வயதில் காங்கிரஸுக்குப் போனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கடை வைக்கவில்லை, வேறு தொழில் எதையும் பார்க்கவில்லை. 72 வயதில் கண்ணை மூடும்வரை கட்சி, கமிட்டி, தேர்தல் என்றே இருந்தார். அவர் அரசியல்வாதி இல்லை என்றால் வேறு யார்தான் அரசியல்வாதி? நாலு தலைமுறைக்கு நிற்கிற மாதிரி வீடு கட்டிக் கொடுத்த கொத்தனாரை, “அவர் கொத்தனாரே இல்லை, தெய்வம்” என்று சொன்னால் அது பாராட்டா, அவர் தொழிலைப் பற்றி நமக்கு இருக்கும் இளக்காரமா?

அந்த அண்ணனைக் குறை சொல்ல முடியாது. நம் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஜூலை 15 வந்தால் காமராஜர் சாலை நெடுக மைக் செட் கட்டுவார்கள். சின்ன வயதில் அப்பா இறந்தது, படிப்பை நிறுத்தியது, மாமாவின் துணிக்கடை, அப்புறம் ஒரே தாவலில் முதலமைச்சர் நாற்காலி, பள்ளிக்கூடம், மதிய உணவு, அணைக்கட்டு, சாகும்போது நாலு வேட்டியும் 130 ரூபாயும். துணிக்கடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் முப்பத்து நான்கு வருடம் இருக்கிறது. 1920 வாக்கில் தொடங்கி 1954 ஏப்ரல்வரை. அந்த முப்பத்து நான்கு வருடமும் “சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டுப் பலமுறை சிறை சென்றார்” என்ற ஒரு வரிக்குள் மடங்கிவிடுகிறது. சிறை போனது உண்மை. எல்லாம் சேர்த்துச் சுமார் ஒன்பது ஆண்டுகள். மீதி இருபத்தைந்து ஆண்டுகள் வெளியில் இருந்தாரே, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்?

அவரே எழுதி வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. நேரு சிறையில் உட்கார்ந்து தன் கதையை எழுதினார். சி.சுப்பிரமணியம் எழுதினார், ஆர்.வெங்கட்ராமன் எழுதினார். பெரிய பதவியிலிருந்து இறங்கியவர்கள் திரும்பிப் பார்த்து எழுதுவதற்கென்றே ஒரு நடை உண்டு: ஆரம்பகால வறுமை கொஞ்சம், ஆசான் கொஞ்சம், தான் சொன்னதை அப்போது யாரும் கேட்கவில்லை என்ற ஆதங்கம் நிறைய. காமராஜருக்கும் நேரம் இருந்தது. 1967 தோல்விக்கும் 1975 அக்டோபர் 2க்கும் இடையில் எட்டு வருடங்கள். அவர் சுயசரிதை எழுதவில்லை. யாராவது எதையாவது கேட்டால் “ஆகட்டும் பார்க்கலாம்” என்பதுதான் அவருடைய வாடிக்கையான பதில் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே அந்த இருபத்தைந்து ஆண்டுகளை அவருக்குப் பதிலாக நாம்தான் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்தால் அங்கே மகான் யாரும் தென்படுவதில்லை. மிகத் தேர்ந்த கட்சிக்காரர் ஒருவர் தென்படுகிறார்.

நாலணா மெம்பர்

விருதுநகர் அப்போது ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. 1923 வரைக்கும் பெயரும் விருதுப்பட்டி. வத்தல், பருத்தி, எண்ணெய் என்று மண்டிகளால் வளர்ந்த ஊர். அங்கிருந்த நாடார் சமூகம், வியாபாரத்தில் ஒரு பங்காக எடுத்து வைத்த மகமைப் பணத்திலும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியிலும் தனக்கென்று பள்ளிக்கூடம் நடத்திய சமூகம். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படி வந்ததுதான். கோயிலுக்குள் விடமாட்டேன் என்று சொன்ன ஊர்களுக்கு நடுவில், யாரையும் எதிர்பார்க்காமல் தலையெடுத்தவர்கள். அவர்களில் வசதியும் செல்வாக்கும் உள்ள பலருக்குக் காங்கிரஸைப் பிடிக்காது. அது பிராமணர் கட்சி என்று நினைத்தார்கள். நீதிக்கட்சி, பிறகு சுயமரியாதை இயக்கம் என்று அந்தப் பக்கம் நின்றார்கள். பட்டிவீரன்பட்டி சௌந்தர பாண்டியனார் அந்த அணியின் பெரிய ஆள்; சென்னைப் பாண்டி பஜார் அவர் பெயரில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் அவர்கள் பக்கத்து நியாயம் கொஞ்சமும் குறைவானதில்லை.

இந்த ஊரில் இந்தச் சமூகத்தில் பிறந்த ஒரு பையன் கதர் கட்டிக்கொண்டு காங்கிரஸுக்கு ஆள் சேர்க்கப் போனான் என்றால், வெள்ளைக்காரனை எதிர்ப்பதற்கு முன்னால் தன் தெருவையே எதிர்க்க வேண்டியிருந்தது என்று பொருள். பேச்சுப் போட்டிகளில் இது வருவதில்லை. வெள்ளைக்காரப் போலீஸை எதிர்ப்பது நாடகத்துக்கு நன்றாக இருக்கும். தன் சொந்தக்காரர் கடைக்குப் போய், தனக்கு நல்லது நினைக்கிற பெரியவரிடம், அவருக்குப் பிடிக்காத கட்சிக்கு நாலணா கேட்பது அவ்வளவு எடுப்பாக இருக்காது. 1920 நாக்பூர் மாநாட்டுக்குப் பிறகு காங்கிரஸில் உறுப்பினராக வருடத்துக்கு நாலணா சந்தா. ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது, வெளியூர்ப் பேச்சாளரைக் கூட்டி வருவது, மேடைக்குப் பெஞ்சு தேடுவது, கூட்டம் முடிந்து உண்டியல் குலுக்குவது. அந்தக் காலத் தொண்டன் வேலை இவ்வளவுதான். இதை அவர் பத்து வருடத்துக்கு மேல் செய்தார்.

1921 செப்டம்பரில் காந்தி மதுரைக்கு வந்தபோதுதான் காமராஜர் அவரை முதன்முதலில் பார்த்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கிய காந்தி, 22ஆம் தேதி காலை சட்டை, தொப்பியை விட்டுவிட்டு முழங்கால் வேட்டியோடு வெளியே வந்தது அந்தப் பயணத்தில்தான். அந்தக் கோலத்தில் அவர் பேசிய இடம் இன்றைக்குக் காந்தி பொட்டல். அது இருப்பது காமராஜர் சாலையில். பெயர் வைத்தவர்கள் யோசித்து வைத்தார்களா, தானாக அமைந்ததா தெரியாது. எனக்கு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் 1921ஐவிட 1946தான் ஞாபகம் வரும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

1930இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போய் முதல் சிறை, பெல்லாரியில் அலிப்புரம். காந்தி–இர்வின் ஒப்பந்தத்தால் 1931இல் விடுதலை. 1933இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் பொய்யாகச் சேர்த்தார்கள். வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் வாதாடி மீட்டார்கள். ஜார்ஜ் ஜோசப் என்றால் மதுரைக்காரர்களுக்குத் தெரியும், குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்றதால் பிரமலைக் கள்ளர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று கொண்டாடிய வக்கீல்.

இந்தத் தொண்டன் வேலை என்பது என்ன மாதிரியான அறிவு என்பது எனக்கு உறைத்தது 2022 மாநகராட்சித் தேர்தலின்போது. எங்கள் தெருவில் ஒரு கட்சிக்காரர் இருக்கிறார். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. அச்சகத்தில் வேலை, தேர்தல் வந்தால் ராத்திரி பத்து மணிக்குமேல் எங்கள் வீட்டு எதிர்த் திண்ணைதான் அவருக்கு ஆபீஸ், அங்கே தெருவிளக்கு நன்றாக இருக்கும். வாக்காளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா. தூக்கம் வராமல் நான் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே படித்துக்கொண்டு போனார். “நூத்திப் பன்னெண்டு, அது தவறிருச்சு, தையில. பேரு இன்னும் எடுக்கல. நூத்திப் பதிமூணு அது மகன், திருப்பூர்ல இருக்கான். பஸ்ஸுக்கு வழி பண்ணுனா வருவான், ஆனா வந்தா நமக்குப் போடமாட்டான். அதனால வரவேணாம். நூத்திப் பதினாலு மருமக. அது நமக்குத்தேன். மாமியாருக்குத் தெரியாது.” சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குறி. அந்த மருமகளை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். அவர் ஓட்டு யாருக்கு என்று நான் யோசித்ததுகூட இல்லை. இவருக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். “போன வருசம் தண்ணி வராதப்ப யாரு வீட்டுக்கு வந்து சொன்னாங்கங்குறீங்க?” என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு உள்ள ஒரு பாகத்துக்கு இவர் வைத்திருந்த இந்தக் கணக்கை, காமராஜர் ஒரு மாகாணத்தின் காங்கிரஸ் முழுவதற்கும் வைத்திருந்தார். இது என் கற்பனை இல்லை. எந்தத் தாலுகாவில் யார் ஆள், அவருக்கும் பக்கத்து ஊர்க்காரருக்கும் என்ன மனத்தாங்கல், எந்த ஊரில் எந்தக் கண்மாய் நிரம்பாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம் என்று அவரோடு பழகிய அதிகாரிகளும் கட்சிக்காரர்களும் விதம்விதமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். முதலமைச்சர் ஆன பிறகு அதைப் பார்த்து எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். சுற்றுப்பயணத்தில் கற்றதாக நினைத்துக்கொண்டார்கள். அது நாலணா ரசீதில் கற்றது.

அதன் பலன் முதலில் வெளியே தெரிந்தது 1940இல். அப்போது தமிழ்நாட்டுக் காங்கிரஸில் ராஜாஜி கோஷ்டி, சத்தியமூர்த்தி கோஷ்டி என்று இரண்டு. தீரர் சத்தியமூர்த்தி பேச ஆரம்பித்தால் கூட்டம் கலையாது. ஆனால் கமிட்டியில் கை தூக்க ஆள் சேர்ப்பது அவருக்குக் கைவந்த கலை இல்லை. அந்த வேலையைக் காமராஜர் பார்த்தார். 1936இல் சத்தியமூர்த்தி மாகாணத் தலைவரானபோது இவர் செயலாளர். நாலு வருடம் கழித்துத் தலைவர் பதவிக்குத் தன் சீடனையே நிறுத்தினார் சத்தியமூர்த்தி. ராஜாஜி தரப்பில் கோவை சி.பி.சுப்பையா. காமராஜருக்கு 103, சுப்பையாவுக்கு 100. மூன்று ஓட்டு! இருநூற்று மூன்று பேர், அதில் மூன்று. தியாகத்தாலும் எளிமையாலும் மட்டும் மூன்று ஓட்டில் ஜெயிக்க முடியாது. இருநூற்று மூன்று பேரையும் தெரிந்திருந்தால்தான் முடியும். அப்புறம் சத்தியமூர்த்தி தன் சீடனுக்குக் கீழே செயலாளராக இருந்தார். அந்தப் பெருந்தன்மையை நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது எனக்குத் தனி வருத்தம்.

திருப்பரங்குன்றம், 1945

எனக்கு இந்தக் கதையில் உண்மையான திருப்பம் 1954 இல்லை. 1945–46 தான், அதுவும் நம்மூரில் நடந்தது.

பின்னணி சுருக்கமாக. 1942இல் ராஜாஜி, பாகிஸ்தான் கோரிக்கையை ஒப்புக்கொள்ளலாம் என்ற தன் நிலைப்பாட்டால் காங்கிரஸிலிருந்து விலகினார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இல்லை. அதே ஆகஸ்டில் காமராஜர் பம்பாய் மாநாட்டிலிருந்து திரும்பி வருகிறார். போலீஸ் வழியெல்லாம் காத்திருக்கிறது. அரக்கோணத்தில் அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ராணிப்பேட்டை, தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று ஒவ்வோர் ஊராகப் போய், எந்த ஊரில் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் போராட்டத் திட்டத்தைச் சொல்லிவிட்டு, விருதுநகர் போய்ச் சேர்ந்து, “வேலை முடிந்தது, வந்து பிடித்துக்கொள்ளுங்கள்” என்கிற மாதிரி போலீஸுக்குச் சொல்லி அனுப்பினார். மூன்று வருடச் சிறை. வெளியே வந்தது 1945 ஜூனில். இடையில் 1943இல் சத்தியமூர்த்தி இறந்துவிட்டார்.

வெளியே வந்து பார்த்தால் ராஜாஜி கட்சிக்குத் திரும்புகிறார். தேர்தல் வரப்போகிறது, சுதந்திரமும் வரப்போகிறது. மேலிடத்துக்கு ராஜாஜிதான் வேண்டும். சிறையிலிருந்து வந்த கீழ்மட்டத் தொண்டனுக்கோ, நாங்கள் உள்ளே கிடந்தபோது வெளியே இருந்தவர் இப்போது தலைமைக்கு வருவதா என்ற கொதிப்பு. அந்த அக்டோபர் கடைசியில் திருப்பரங்குன்றத்தில் காங்கிரஸ்காரர்கள் மாநாடு கூடினார்கள். ராஜாஜி திரும்பி வந்து தலைமை ஏற்பதை எதிர்த்தவர்களின் கூட்டம் அது. கட்சி காமராஜர் பக்கம் இருக்கிறது என்பது அங்கே கண்ணெதிரே தெரிந்தது. இன்றைக்குத் திருப்பரங்குன்றம் என்றால் வேறு எத்தனையோ விஷயம் பேசுகிறோம். இதைப் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த ஜனவரியில் இந்தி பிரசார சபையின் வெள்ளி விழாவுக்காகக் காந்தி சென்னைக்கு வந்தார். பிப்ரவரி தொடக்கத்தில் தனி ரயிலில் மதுரைக்கும் பழனிக்கும் பயணம். 1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்து மீனாட்சி கோயில் எல்லோருக்கும் திறந்துவிட்டதால், காந்தி முதல்முறையாக உள்ளே போய்க் கும்பிட்டார். ராஜாஜி கூடவே இருந்தார். மாகாணத் தலைவர் என்ற முறையில் காமராஜரும் அந்தப் பயணத்தில் இருந்தார். காந்தி திரும்பிப் போனார். போனதும் தன் ‘ஹரிஜன்’ பத்திரிகையில் எழுதினார்: தமிழ்நாட்டுக்கு ராஜாஜியைவிடத் தகுதியானவர் இல்லை, அவருக்கு எதிராக ஒரு சிறு கூட்டம் வேலை செய்கிறது என்ற பொருளில்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காமராஜருக்கு அப்போது வயது 42. பதினெட்டு வயதில் மதுரையில் யாரைப் பார்த்தாரோ, யார் பெயரைச் சொல்லி இருபத்தைந்து வருடம் நாலணா வாங்கினாரோ, யாருக்காகப் பலமுறை சிறைக்குப் போனாரோ, அவர் அதே மதுரைக்கு வந்துவிட்டுப் போய், நாடே படிக்கிற பத்திரிகையில் இவரை ஒரு சில்லறைக் கூட்டத்தின் ஆளாகக் காட்டிவிட்டார். பெரும்பான்மை இவர் பக்கம். மாகாணக் கமிட்டி இவர் கையில். ஆனால் எதிரே இருப்பது காந்தி. சண்டை போட்டால் காந்தியையே எதிர்த்தவன் என்று முடிந்துபோவான். பணிந்தால் தன்னை நம்பித் திருப்பரங்குன்றத்துக்கு வந்தவன் முகத்தில் விழிக்க முடியாது. கோபித்துக்கொண்டு கட்சியை விட்டுப் போகலாம். அப்படிப் போனவர்கள் நம்மூரில் எத்தனையோ பேர், தனிக்கட்சி ஆரம்பித்து இரண்டு தேர்தலில் காணாமல் போனவர்கள்.

காமராஜர் செய்தது இது: அந்த எழுத்து தன்னை வருத்தியது என்பதை மறைக்காமல் சொன்னார். வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பார்லிமெண்டரி போர்டிலிருந்து ராஜினாமா செய்தார். காந்தியிடம் உள்ள பற்றில் மாற்றமில்லை என்றார். அப்புறம், மாகாணக் காங்கிரஸ் தலைவர் பதவியில் அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

எந்தப் பதவியை விட்டார், எந்தப் பதவியை விடவில்லை என்பதைக் கவனியுங்கள். பார்லிமெண்டரி போர்டில் இருந்தால்தான் ‘பதவிக்காகச் சதி செய்கிறான்’ என்ற பழி ஒட்டும். அதை விட்டதும் பழி உதிர்ந்துவிட்டது. ஊர் ஊராக ஆட்கள் இருக்கும் கமிட்டி மட்டும் கையில் நின்றது. சில வாரம் கழித்துச் சட்டமன்றக் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது மேலிடம் விரும்பிய ராஜாஜியை உறுப்பினர்கள் ஏற்கவில்லை. காமராஜர் ஆதரித்த முத்துரங்க முதலியாரும் ஜெயிக்கவில்லை. பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமரானார்; முதலமைச்சருக்கு அப்போது அதுதான் பெயர். தோற்றுவிட்டாரா? ஒரு வருடம் பொறுங்கள். 1947 மார்ச்சில் பிரகாசம் இறங்கினார், ஓமந்தூரார் வந்தார். 1949இல் அவர் போய் ராஜபாளையம் குமாரசாமி ராஜா வந்தார். இரண்டு முறையும் நாற்காலியில் யார் உட்காருவது என்பதில் கமிட்டியின் கை இருந்தது. ராஜாஜியோ டெல்லி, வங்காள கவர்னர், கவர்னர் ஜெனரல் என்று மேலே மேலே போய், தமிழ்நாட்டுக் களத்திலிருந்து சில வருடம் விலகியே இருந்தார்.

விட்டதும் விடாததும்

இதைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அவருடைய ராஜினாமாக்கள் எல்லாம் வேறு மாதிரி தெரிகின்றன. 1941இல் சிறையில் இருக்கும்போதே அவரை விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்து, முழுதாகச் செய்ய முடியாத பொறுப்பை வைத்திருக்கக் கூடாது என்று அதை விட்டார். மாகாணத் தலைவர் பதவியை விடவில்லை. 1946இல் போர்டை விட்டார், கமிட்டியை விடவில்லை. 1963இல் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெரிய ராஜினாமா. பதவியில் இருக்கும் மூத்தவர்கள் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று தன் பெயரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்து, அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் பதவியை விட்டார். மத்திய மந்திரிகள் ஆறு பேர், அவரையும் சேர்த்து முதலமைச்சர்கள் ஆறு பேர் இறங்கினார்கள். மூன்றே மாதத்தில், 1964 ஜனவரியில், புவனேசுவரத்தில் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். அந்த மே மாதம் நேரு இறந்ததும் சாஸ்திரியையும், 1966இல் சாஸ்திரி இறந்ததும் இந்திராவையும் பிரதமராகக் கொண்டுவந்து வைத்தவர்.

இதைத் தியாகம் என்று மட்டும் சொல்லித்தருகிறோம். தியாகம் இல்லை என்று நான் சொல்லவில்லை. முதலமைச்சர் நாற்காலியை அப்படி விட இன்றைக்கு ஒருவரையும் காட்ட முடியாது. ஆனால் அந்த மனிதருக்குப் பலம் எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது. நாற்காலியில் இல்லை, கட்சியில். எதை விட்டாலும் அதை விடாத வரைக்கும் எல்லாம் திரும்பி வரும். 1954இலும் அப்படித்தான். குலக்கல்வித் திட்டத்தால், அப்போது முதலமைச்சராக இருந்த ராஜாஜி விலக நேர்ந்தபோது சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் சி.சுப்பிரமணியத்தை 93க்கு 41 என்று தோற்கடித்தார். மறுநாளே பழி வாங்கக் கிளம்பவில்லை. எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவரை ஆதரித்த பக்தவத்சலத்தையும் எட்டுப் பேர் கொண்ட தன் சின்ன மந்திரிசபைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். பெருந்தன்மையா, கோஷ்டிக் கணக்கா? இரண்டும்தான். எதிர்க் கோஷ்டிக்குத் தலைவர் இல்லாமல் போனது. திறமையான இரண்டு மந்திரிகள் அரசுக்குக் கிடைத்தார்கள். இந்த இரண்டையும் ஒரே அடியில் செய்யத் தெரிந்ததற்குப் பெயர்தான் அரசியல்.

“அப்ப இன்னிக்கு இருக்கவனுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்பார்கள். பெரிய வித்தியாசம், அவர் தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்லத்தான் அந்த நாலு வேட்டிக் கதை. சொல்லட்டும். ஆனால் அதை மட்டும் சொல்லிச் சொல்லி, நல்லவனுக்கும் கட்சி வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று பிள்ளைகள் மனதில் பதிய வைத்திருக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஜூலை 15 பேச்சுப் போட்டிக்குத் தலைப்புக் கேட்டார்கள். ‘மூன்று ஓட்டில் ஜெயித்தவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் மரியாதையாகவே போனில் கூப்பிட்டு, “நல்லாருக்கு சார், ஆனா கொஞ்சம் அரசியலா இருக்கே. பிறந்தநாள் அன்னிக்கு எதுக்கு?” என்றார். ‘எளிமையின் சிகரம்’ என்று மாற்றிக்கொண்டார்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பெற்றோர் கேள்வி கேட்பார்கள்.

1967க்குப் பிறகு

அவருடைய பலம் கட்சிதான் என்றால், 1967 தோல்விக்கும் அதே கணக்கைத்தான் போட வேண்டும். அகில இந்தியத் தலைவராக இருந்துகொண்டு, பிறந்த ஊரான விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில், சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அரிசிப் பஞ்சம், இந்தி எதிர்ப்பு, தி.மு.க. கூட்டணி என்று காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. எனக்குத் தோன்றும் இன்னொரு காரணம்: 1920களில் அவர் விருதுநகரில் செய்த வேலையை, 1960களில் தி.மு.க. இளைஞர்கள் செய்துகொண்டிருந்தார்கள். படிப்பகம், தெருமுனைக் கூட்டம், வீட்டு வாசல். காங்கிரஸ் கிளைகளில் அதற்குள் தலைமுறை மாறி, மண்டிக்காரரும் பண்ணையாரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவரோ டெல்லியில் பிரதமர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். நாலணா புத்தகத்தோடு அலைய அந்தக் கட்சியில் ஆள் இல்லாமல் போனது.

1969இல் காங்கிரஸ் இரண்டாக உடைந்த பிளவில் அடுத்த அடி. கமிட்டி, காரியக் கமிட்டி, தலைவர் என்று கட்சி அமைப்பை வைத்தே எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்று நம்பிய தலைமுறையை, அமைப்பைத் தாண்டி நேரே மக்களிடம் பேசி இந்திரா ஓரங்கட்டினார். காமராஜருக்குத் தெரிந்த ஆட்டத்தின் விதியையே மாற்றிவிட்டார்கள். இந்தக் கசப்பை அவர் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்று சில சமயம் யோசிப்பேன். எழுதாமல் விட்டதற்கும் காரணம் இதே தொழில்தான் என்று படுகிறது. யாரிடம் எப்போது எதைச் சொன்னோம் என்பதை வெளியே விடாமல் இருப்பதுதான் அந்த வேலைக்கே மூலதனம். அந்தப் பழக்கத்தில் ஊறியவர் ஓய்வில் உட்கார்ந்து கொட்டிவிடுவாரா?

உண்மையில் அவர் ஓய்விலும் உட்காரவில்லை. சொந்த ஊர் தோற்கடித்த இரண்டு வருடத்துக்குள், 1969 ஜனவரியில், நேசமணி இறந்ததால் காலியான நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதியில் போய் நின்றார். மாநிலத்தில் ஆட்சி தி.மு.க. கையில். வயது 65. ஜெயித்தார். 1971இல் அவருடைய பழைய காங்கிரஸ் நாடு முழுக்கத் துடைத்தெறியப்பட்டபோது, தமிழ்நாட்டில் அந்தக் கட்சியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர் அவர் ஒருவர்தான், அதே நாகர்கோவிலிலிருந்து. இந்த இரண்டு தேர்தலையும் எந்த மேடையிலும் யாரும் விரிவாகச் சொல்லிக் கேட்டதில்லை. எந்தெந்த ஊருக்குப் போனார், பழைய ஆட்களில் யார் யாரைத் தேடிப் பிடித்தார், கமிட்டி இல்லாத ஊரில் யாரை வைத்து வேலை பார்த்தார் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது எழுதினால் முதல் ஆளாக வாசிப்பேன்.